உரசிய டயர், உரசாத கார்

அத்தியாயம் ஆறு

"இந்த ஊர் ரோட்டுக்குத் தாழ்த்தின கார் வாங்கறது, கடல்ல நீந்தறதுக்கு பூட்ஸ் வாங்கறாப்ல இருக்குக்கா," என்றான் ஆவுடையப்பன்.

மரகதம், போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால், பலாமரத்தடியில் நின்ற சிவப்பு ஸ்விஃப்டின் பின்சக்கரத்தருகே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். டயருக்கும் அதன் மேலே வளைந்திருந்த தகட்டுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது விரல் வெளியே நின்றது.

"ஸ்பீட் பிரேக்கரைப் பார்த்தா இந்த வண்டி கும்பிடு போட்டுட்டுத் திரும்பிப் போயிடும்," என்று தொடர்ந்தான் ஆவுடை. "நம்ம ஊர்ல சுனாமியில தரையே தாழ்ந்து போச்சு. இவன் எதுக்குத் தனியா காரைத் தாழ்த்தணும்?"

"வாயைத் தாழ்த்து," என்றாள் மரகதம். "அந்த டார்ச்சைக் கொடு."

சுனாமிக்குப் பிறகு, உடைந்த படகுகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதிய சர்வேயர் மரகதம். உடையாத படகுகளையும் உடைந்ததாக மேலதிகாரியே எழுதச் சொன்ன நாளில் வேலையை விட்டாள். இப்போது போர்ட் பிளேரில் தனியார் துப்பறிவாளர். திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி வந்த ஆவுடையப்பன், அவளுடைய உதவியாளன். சம்பளம் வாங்குகிற ஒரே உதவியாளன் என்று சொல்லிக்கொள்வான். வேறு உதவியாளன் கிடையாது.

வழக்கு சின்னதுதான். பாம்பூ ஃப்ளாட் கரையில் பழுது பார்க்க மேலேற்றி வைத்திருந்த மீன்பிடிப் படகிலிருந்து, அதை ஓட்டும் வெண்கல விசிறியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து, அலையில் வீடு வாசலை இழந்து இங்கே வந்து சேர்ந்த எட்டுக் குடும்பங்களுக்கு ஓர் அறக்கட்டளை கொடுத்த படகு அது. மாதக் கடைசியில் அறக்கட்டளை ஆட்கள் வந்து பார்க்கும்போது படகு தண்ணீரில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் திரும்ப எடுத்து விற்றுவிடுவார்கள்.

கிடைத்த தடயம் ஒன்றே ஒன்று. கரைச் சேற்றில் பதிந்த அகலமான டயர் தடம். அந்த மாதிரி அம்பு அம்பாகக் கோடு போட்ட டயர் அந்தமானில் ஒருவனிடம்தான் உண்டு. சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்த தேவேந்திரனிடம். அந்த எட்டுக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பையன். நேற்றுப் பிடித்து வந்தார்கள். நாளைக் காலை கோர்ட். அரசாங்க பஸ் டிரைவர் வேலைக்குத் தேர்வாகி, உத்தரவுக்குக் காத்திருந்தவன் அவன். கோர்ட் படியேறினால் அந்த வேலை அவ்வளவுதான்.

மரகதத்தைத் தேடி வந்தது அவனுடைய அக்கா ராஜகுமாரி. தையல் கடை நடத்துகிறவள். படகுக் குழுவுக்குத் தலைவியும் அவள்தான். இப்போது ஸ்டேஷன் வாசலில், கணவன் நல்லதம்பியின் பழைய வெள்ளை செடானில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மேடம், முடிஞ்சுதா?" என்று வந்தார் ஏட்டு பழனிசாமி. வெயிலுக்குத் தலையில் கர்ச்சீப் போட்டிருந்தார்.

"சேத்துல எடுத்த போட்டோவைக் காட்டுங்க."

ஏட்டு தன் செல்போனை நீட்டினார். சேற்றில் இரண்டு தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. அம்புக் கோடுகள் தெளிவாக இருந்தன. ஒவ்வொரு தடத்திலும் ஓர் ஓரம் மட்டும் கோடே இல்லாமல் வழவழவென்றிருந்தது.

"ஓரம் மொட்டையா இருக்கு பாருங்க," என்றார் ஏட்டு. "கார் தாழ்வு, டயர் அகலம். மேலே இருக்கற தகடு உரசி உரசி டயரோட ஓரத்தைச் சீவிட்டுது. இந்தப் பையன் கார் போனாலே பலகை அறுக்கிற சத்தம் கேட்கும்னு அவன் தெருவே சொல்லுது."

"இப்ப மாட்டியிருக்கிற டயர்ல மொட்டை இல்லையே?"

"திருடிட்டு மாத்தியிருப்பான்."

"மாட்டிக்கக் கூடாதுன்னு டயரை மாத்தறவன், திரும்பவும் அதே அம்பு போட்ட டயரையா மாட்டுவான்?"

ஏட்டு பலாமரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். காய் எதுவும் இல்லை.

"சரி, அதை விடுங்க," என்றாள் மரகதம். "தகடு உரசினா டயரோட எந்த ஓரம் சீவும்?"

"வெளி ஓரம்தான். தகடு வெளிப்பக்கம்தானே இருக்கு?"

"போட்டோல எந்த ஓரம் மொட்டை?"

ஏட்டு போனை வாங்கிக் கண்ணருகே வைத்தார். இடது தடத்தில் வலது ஓரம் மொட்டை. வலது தடத்தில் இடது ஓரம் மொட்டை. இரண்டு மொட்டைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. போனைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"தலைகீழாப் பிடிச்சாலும் உள்ளே இருக்கறது உள்ளேதான் இருக்கும் ஏட்டையா," என்றான் ஆவுடை.

"இந்த டயர் ஒரு கார்ல உரசிச்சு," என்றாள் மரகதம் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே. "அப்புறம் வேற ஒரு கார்ல உள்ளும் வெளியுமாத் திருப்பி மாட்டியிருக்காங்க. அதே கார்ல திருப்பியிருந்தா மறு ஓரமும் சீவியிருக்கும். படகுக்கிட்ட வந்தது அந்த ரெண்டாவது கார். பையனைப் பார்க்கணும் எனக்கு."

தேவேந்திரன் கம்பிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். அழுது ஓய்ந்த முகமல்ல. யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டு, ஏன் அறைந்தேன் என்று சொல்லாமல் போய்விட்டதைப் போன்ற முகம்.

"உன்கிட்ட முதல்ல இருந்த டயர் செட், உரசின செட், அது இப்ப எங்கே?" என்று கேட்டாள் மரகதம்.

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

அவன் மறுபடி சுவரைப் பார்த்தான்.

"தம்பி, அந்தப் பேரைச் சொன்னா நீ இன்னைக்கு ராத்திரி வீட்டுல சாப்பிடலாம்," என்றான் ஆவுடை. "இங்கே போடற பருப்பை நான் சாப்பிட்டிருக்கேன். அதைச் சாப்பிட்டும் நீ வாயைத் திறக்கலேன்னா பெரிய விஷயம்தான்."

தேவேந்திரன் சிரிக்கவில்லை. "அக்கா வந்திருக்காங்களா?" என்று கேட்டான்.

"வாசல்ல இருக்காங்க," என்றாள் மரகதம்.

"யாரோட வந்தாங்க?"

"உங்க அத்தான் கார்ல. எங்களையும் காலையிலேருந்து அவர்தான் கூட்டிட்டுச் சுத்தறார்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கடல் வந்தன்னைக்கு அத்தான்தான் என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு மலைக்கு ஓடினாரு. எனக்கு அப்ப பதிமூணு வயசு. நல்ல கனம். அப்பாவும் அம்மாவும் எங்களுக்குப் பின்னாலதான் வந்தாங்க. வந்து சேரலே." பிறகு மரகதத்தை நேராகப் பார்த்தான். "இந்தக் கேஸை விட்டுருங்க மேடம். நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

"எடுத்தியா?"

"எழுதிக்கச் சொல்லுங்க."

இருவரும் வெளியே வந்தார்கள்.

நல்லதம்பி கார்க் கதவைத் திறந்து பிடித்தான். ஹாடோ கப்பல்துறையில் சரக்கு ஏற்றும் இடத்தில் மேஸ்திரி. நல்ல உயரம், வாட்டமான முகம், சலவைச் சட்டை. "என்ன சொன்னான் மேடம்?" என்றான்.

"ஒண்ணும் சொல்லலே."

"அப்படித்தான். சின்ன வயசிலேருந்தே அழுத்தக்காரன்."

பின்சீட்டிலிருந்து ராஜகுமாரி கேட்டாள்: "சாப்பிட்டானாமா?"

"சாப்பிட்டான்," என்று ஆறுதலுக்குச் சொன்னாள் மரகதம். "டயர் கடைக்குப் போவோம்."

ஜங்கிலிகாட்டில் இருந்தது சிவப்பிரகாசத்தின் கடை. கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, தானே மாலை போட்டு மாட்டி வைத்தது போன்ற தன் பெரிய போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். போட்டோவில் ஏதோ ரேஸ் கார் மேல் சாய்ந்து நின்றான்.

"உங்க காரா?" என்று கேட்டான் ஆவுடை.

"சென்னையில ஷோரூம்ல எடுத்தது."

"காருக்கு உங்களைத் தெரியுமா?"

மரகதம் குறுக்கே புகுந்தாள். "தேவேந்திரனுக்கு முதல்ல என்ன அளவு போட்டீங்க?"

சிவப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "தப்பு என்மேலதான் மேடம். டயரை முன்னமே மாத்தியாச்சுன்னு நானே போலீஸ்லயும் சொன்னேன். நான் அவன் ஃப்ரெண்டு, அதனால பொய் சொல்றேன்னுட்டாங்க. முதல்ல 205/55, ரிம் பதினாறு. பார்க்க அப்படி இருந்துச்சு. சக்கரம் தகடு நிறைய உட்கார்ந்து, சிங்கம் மாதிரி."

"எங்களுக்குச் சிங்கம் வேண்டாம், சின்னதாச் சொல்லுங்க," என்றான் ஆவுடை.

"முதல் எண் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது, அந்த அகலத்துல நூத்துக்கு எத்தனை பங்கு டயர் சுவரோட உயரம்னு கணக்கு. 205/55 போட்டா அந்தக் காரோட கம்பெனி டயரைவிட மொத்த உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடிடும், அகலமும் கூடிடும். கம்பெனி உயரத்துல இருக்கற காருக்கே அது கொஞ்சம் இறுக்கம். இவனோ ஸ்பிரிங்கை மாத்திக் காரையும் இறக்கிட்டான். டயர் மேலே வருது, தகடு கீழே வருது. ரெண்டும் சந்திக்காம என்ன செய்யும்?"

"மாட்டும்போது தெரியலையா?"

"ஜாக்கியில தூக்கி வெச்சு மாட்டினேன். சுத்திப் பார்த்தேன். ஒரு உரசலும் இல்ல."

"ஜாக்கியில நிக்கற கார் உரசாது," என்றான் ஆவுடை. "முட்டவும் முட்டாது. அப்படியே வெச்சிருந்தா இன்னும் நூறு வருஷம் ஓடியிருக்கும்."

சிவப்பிரகாசம் அவனை முறைத்தான். "கீழே இறக்கி, பின்னால ஆளை உட்கார வெச்சுப் பார்த்திருக்கணும். பார்க்கலே. அவன் அக்கா, அத்தான், அரிசி மூட்டை எல்லாம் ஏத்திக்கிட்டு மாயாபந்தர் போனான். திரும்பி வரும்போது பின் டயர் ரெண்டும் வெளி ஓரம் தேங்காய் துருவினாப்ல இருந்துச்சு. அப்புறம்தான் அதே கம்பெனியில 195/50 வரவழைச்சேன். கம்பெனி டயரைவிட ரெண்டு சென்டிமீட்டர் குள்ளம். இந்தத் தடவை கடைப் பசங்க மூணு பேரைப் பின்னால ஏத்தி, பள்ளத்துல விட்டுப் பார்த்தேன். காத்துக்கூட உரசலே."

"அந்தப் பழைய செட்?"

"மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போயிடுச்சு. சென்னைக்காரன் பாதி விலைக்கு எடுத்துக்கிறேன்னான். அத்தான்தான் வார்ஃப்ல இருக்காரே. அவர் கையில கொடுத்துட்டான், அவர் கப்பல்ல ஏத்திட்டாரு."

"ஏத்தினதுக்குச் சீட்டு?"

சிவப்பிரகாசம் அவளை வினோதமாகப் பார்த்தான். "நீங்க இந்த ஊருதானே மேடம்? வார்ஃப்ல சொந்தக்காரன் இருந்தா யாராவது சீட்டு கேட்பாங்களா? கேட்டா அப்புறம் அந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்க முடியுமா?"

உண்மைதான். அந்தமானில் பாதிச் சரக்கு அப்படித்தான் கடல் தாண்டுகிறது. அத்தான், சித்தப்பா, ஊர்க்காரன் என்று ஒருவன் கப்பல்துறையில் இருந்தால் போதும். பொருளை அவன் கையில் கொடுத்த நிமிஷமே அது சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் கணக்கு.

"கடைசியா ஒண்ணு," என்றாள் மரகதம். "அந்த 205/55 உரசாம எந்தக் காருக்குப் பொருந்தும்?"

"பெரிய செடானுக்கு. தாழ்த்தாம இருக்கணும், அவ்வளவுதான். சிலதுக்குக் கம்பெனி அளவே அதுதான். தகடுக்கும் டயருக்கும் நடுவுல கோழி முட்டை வெச்சு உருட்டலாம்."

மரகதம் கடை வாசல் பக்கம் திரும்பி, வெளியே சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஏட்டுக்கு ஒரு போன் போட்டு மெல்லப் பேசினாள்.

"ஆவுடை, நாம பாம்பூ ஃப்ளாட் போறோம். ஃபெரியில."

ஆவுடை அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். படகென்றால் மரகதத்துக்கு வயிறு புரட்டும். படகுகளைப் பற்றியே எழுதிப் பிழைத்தவள், சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரை போகிற கால்மணி நேரப் பயணத்துக்குப் பயந்து, எப்போதும் ரோட்டில் ஊரைச் சுற்றிக்கொண்டு போவாள்.

"அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கோ," என்றாள் அவள்.

நல்லதம்பிக்கும் ஆச்சரியம்தான். "படகு ஆகாதுன்னு காலையில சொன்னீங்களே மேடம். ரோட்டுலயே போயிடலாம். ஒரு மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதானே?"

"படகைப் பார்த்துட்டுச் சீக்கிரம் திரும்பணும்," என்றாள் மரகதம்.

சாத்தம் துறையில், சரிவுப் பலகை வழியாக வண்டி ஃபெரியில் ஏறும்போது டிரைவர் மட்டும்தான் உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் இறங்கி நடந்து ஏறினார்கள். வெள்ளைக் கார் லாரிக்கு முன்னால், வெளியேறும் வாசலை அடைத்தாற்போல் போய் நின்றது. ஃபெரி வேலையாளான கலாசி ஒருவன் சக்கரத்துக்கடியில் கட்டையைத் தள்ளிவிட்டுப் போனான். இன்ஜின் அதிர, கரை விலகியது.

மரகதத்தின் முகம் வெளுத்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள். ஃபெரி ஒரு குலுங்கு குலுங்கியது. பழம் கை நழுவி, காருக்கடியில் உருண்டு ஓடியது.

"இருங்க, நான் எடுக்கிறேன்," என்று குனிந்தான் நல்லதம்பி.

"உங்க வெள்ளைச் சட்டை என்னத்துக்கு ஆகும் அண்ணாச்சி? என் சட்டை ஏற்கனவே கெட்டுப்போனதுதான்," என்று ஆவுடை மல்லாந்து படுத்துக் காருக்கடியில் நுழைந்தான். பழத்தை எடுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அதிக நேரம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது ஒரு கையில் பழமும் மறு கையில் செல்போனும் இருந்தன. போனை மரகதத்திடம் கொடுத்தான். பழத்தைத் தானே முகர்ந்துகொண்டான்.

மரகதம் படத்தைப் பார்த்துவிட்டு ராஜகுமாரியிடம் நீட்டினாள்.

"இது என்னது?" என்றாள் ராஜகுமாரி.

"உங்க கணவர் கார்ப் பின் டயர், உள்பக்கம். அம்புக் கோடு தெரியுதா? ஓரம் வழவழன்னு மொட்டையா இருக்கா? வெளிப்பக்கச் சுவத்துல அளவு எழுதியிருக்கு. 205/55. டயர் கடை வாசல்லயே படிச்சுட்டேன். காலையிலேருந்து இந்த டயர் மேல உட்கார்ந்துதான் இந்த டயரைத் தேடிட்டிருந்தோம்."

ராஜகுமாரி கணவனைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான்.

"மெயின்லேண்டுக்கு அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே?" என்றாள்.

"அனுப்பணும்னுதான் இருந்தேன். என் டயர் தேஞ்சு கிடந்துச்சு. மாயாபந்தர்ல ஒருத்தன்கிட்ட மாட்டினேன். மொட்டை வெளியில தெரியாம உள்பக்கம் போட்டுக் கொடுத்தான். டயர்தானே ராஜி. தம்பிக்கு அப்புறமா வாங்கிக் கொடுத்திருப்பேன்."

"தம்பி தினமும் கேட்டானே. சென்னைக்காரன் இன்னும் பதில் போடலேன்னு தினமும் சொன்னீங்களே."

நல்லதம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"ஃபெரியில எதுக்கு ஏறினோம்னு இப்பப் புரியுதுக்கா," என்று முணுமுணுத்தான் ஆவுடை. "முன்னால பூட்டின கேட், பின்னால லாரி, சுத்திலும் கடல். கார் எங்கே ஓடும்?"

"ரோட்டுல போயிருந்தா இவர் எங்களை எங்கேயாவது இறக்கிவிட்டுட்டு டயரைக் கழட்டியிருப்பார்," என்றாள் மரகதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிக் கம்பியில் சாய்ந்திருந்தாள். "நல்லதம்பி, வெண்கலம் விக்கறதுக்காக நீங்க அந்த விசிறியை எடுக்கலே. மாசக் கடைசிக்குள்ள படகு தண்ணியில இறங்கக் கூடாதுன்னுதான் எடுத்தீங்க. சரியா?"

அவன் மெதுவாகத் திரும்பினான். அதுவரை இருந்த வாட்டம் முகத்தில் இல்லை.

"ஹேவ்லாக் தீவுல ஒரு ஆள் படகு தேடறான். அறக்கட்டளை திரும்ப எடுத்து ஏலம் விட்டா மலிவா வரும். டூரிஸ்ட் படகா மாத்தி ஓட்டலாம், பாதிப் பங்கு உனக்குன்னான். எத்தனை வருஷம் மேடம் நான் அடுத்தவன் மூட்டையை அடுத்தவன் கப்பல்ல ஏத்தறது? எட்டுக் குடும்பம் கூடி உட்கார்ந்து இவளைத் தலைவியாக்கினாங்க. என்னை என்ன ஆக்கினாங்கன்னு கேளுங்க. தலைவி வீட்டுக்காரர்."

"அந்த எட்டுல நம்ம குடும்பமும் ஒண்ணு," என்றாள் ராஜகுமாரி.

"எட்டுல ஒண்ணு."

"தேவேந்திரனுக்கு இது தெரியுமா?" என்று அவள் மரகதத்தைக் கேட்டாள். குரல் சற்றும் உயரவில்லை.

"போலீஸ் அந்தப் போட்டோவைக் காட்டின நிமிஷமே தெரிஞ்சிருக்கும். தான் கொடுத்த டயரை அவனுக்குத் தெரியாதா? நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கச் சொல்றான். இவர் தோள்ல தூக்கிட்டு ஓடினதைச் சொன்னான்."

ராஜகுமாரி முந்தானையை இழுத்துத் தோளில் சுற்றிக்கொண்டாள். காற்று அப்படியொன்றும் அடிக்கவில்லை.

"அன்னைக்கு அவனைத் தூக்கினது நீங்கதானே?" என்றாள் கணவனிடம். "இல்ல, அதுவும் வேற யாராவதா?"

"நான் வேணும்னு அவனை மாட்டிவிடலே ராஜி. சேத்துல தடம் விழும்னு யாருக்குத் தெரியும்? அவனைப் பிடிப்பாங்கன்னு நினைச்சேனா?"

"பிடிச்சப்புறம்?"

அவன் கரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாம்பூ ஃப்ளாட் துறை கிட்டே வந்துகொண்டிருந்தது. கலாசிகள் கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள்.

"சரி, விசிறி எங்கே?" என்று கேட்டாள் மரகதம்.

நல்லதம்பி காரின் முன்கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஜன்னல் வழியாக மனைவியை மட்டும் பார்த்துப் பேசினான்.

"உன் தையல் கடையிலதான் இருக்கு. பின்னறையில, வெட்டுத்துணி மூட்டைக்குள்ள."

ராஜகுமாரி அசையவில்லை. "நகர்த்தாதே, ஹோட்டல்காரன் ஆர்டர் துணின்னு நீங்க சொன்ன மூட்டையா?"

"அதுதான்."

"ஒரு வாரமா அதுமேல உட்கார்ந்துதான் பட்டன் வெச்சிட்டிருக்கேன்."

"யோசிச்சுப் பாரு," என்றான் அவன். குரலில் இப்போது ஒரு கணக்கு இருந்தது. "கடை உன் பேர்ல. படகுக்குத் தலைவி நீ. மூட்டையைப் பிரிச்சா போலீஸ் யாரைக் கேட்கும்? நான் தூக்கி வெச்சதை யார் பார்த்தா? டயர் மொட்டைன்னு இவங்க சொல்றது கோர்ட்ல எத்தனை நாள் நிக்கும்? அவன் சின்னப் பையன், முதல் தப்பு, சீக்கிரம் விட்டுருவாங்க. நீ பேசாம ஏறு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

ஆவுடை வாயைத் திறந்தான். மரகதம் அவன் கையை அழுத்தினாள். இது அவர்கள் பேச வேண்டிய இடமல்ல.

ஃபெரி துறையில் இடித்து நின்றது. சரிவுப் பலகை சங்கிலியோடு சடசடவென்று இறங்கியது. கலாசி சக்கரத்துக் கட்டையைக் காலால் தள்ளிவிட்டான். நல்லதம்பி இன்ஜினைக் கிளப்பினான். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.

ராஜகுமாரி காரைச் சுற்றி வந்து டிரைவர் ஜன்னலருகே நின்றாள். அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நல்லதம்பி முகத்தைத் திருப்பினான். அவள் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகி உருவிக்கொண்டாள். இன்ஜின் நின்றது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, காருக்கு முன்னால் போய், பலகையின் நடுவில் நின்றாள்.

"ராஜி," என்றான் அவன்.

பின்னால் இன்னொரு ஹார்ன். அப்புறம் இன்னொன்று. கலாசி கையை வீசிக்கொண்டு ஓடி வந்தான். "ஏ தீதி, ஹடோ. காடி நிகாலோ."

நகரச் சொல்கிறான், வண்டியை எடுக்கச் சொல்கிறான். அவள் நகரவில்லை.

"யே காடி நஹி நிக்லேகா," என்றாள். "பெஹ்லே புலீஸ் புலாவோ." இந்த வண்டி போகாது, முதலில் போலீஸைக் கூப்பிடு என்கிறாள்.

கலாசி அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும், இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மரகதத்தின் போனுக்குப் பிறகு துறை அவுட்போஸ்டுக்குத் தகவல் சொல்லியிருந்தார் ஏட்டு. அங்கே காத்திருந்த கான்ஸ்டபிள் ஒருவர் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

நல்லதம்பி காரைவிட்டு இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உன்னையும்தான் பிடிப்பாங்க," என்றான் தாழ்ந்த குரலில். "உன் கடையிலதான் இருக்கு."

"தெரியும்," என்றாள் ராஜகுமாரி, அவன் பக்கம் திரும்பாமலே. "நானே திறந்து காட்டப் போறேன். என்னையும் கூட்டிட்டுப் போகட்டும். அங்கே ஒருத்தன் நம்மளைச் சொந்தம்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அவன் முதல்ல வெளியே வரட்டும்."